விசுவாசப் பிரமாணத்தில் காணிக்கைக் கவர் இல்லை

கொஞ்ச நாளாகவே எனக்கு ரெண்டு பக்கமும் அடி. பகுத்தறிவு நண்பர்கள் கேட்கிறார்கள்: "ஏம்ப்பா, படிச்சவன், நாலு விஷயம் தெரிஞ்சவன்... செத்தவன் மூணாம் நாள் எந்திரிச்சு வந்தான்னு இன்னுமா நம்புற?" சபைப் பக்கமிருந்து வேற குரல்: "பிரதர், எப்பப் பாத்தாலும் ஊழியக்காரங்களையே குறை சொல்றீங்களே, நீங்க ரட்சிக்கப்பட்டவர்தானா?"

ஆக, அந்தப் பக்கத்துக்கு நான் மூடநம்பிக்கைக்காரன். இந்தப் பக்கத்துக்கு அவிசுவாசி. சரி, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிவா போட்டுடலாம்னு உட்கார்ந்தாச்சு. கொஞ்சம் நீளம். டீ குடிச்சுட்டு வந்து படிங்க. :-)

நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ.க்காரன். எங்க கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வோம். கத்தோலிக்க நண்பர்கள் இதை நம்பிக்கை அறிக்கை என்பார்கள். சாதாரண ஆராதனையில் சொல்வது சின்னது, அப்போஸ்தலருடையது. நற்கருணை அன்றைக்குச் சொல்வது கொஞ்சம் பெரியது, நிசேயாவில் கி.பி. 325-ல் ஆரம்பித்து கான்ஸ்டான்டிநோபிளில் 381-ல் முழு வடிவம் பெற்றது. 2025-ல் நிசேயாவுக்கு 1700 வருஷம் முடிந்தது. நிதானமாகச் சொன்னாலும் ரெண்டு மூணு நிமிஷத்தில் முடிஞ்சிடும்.

நான் நம்புவது அதைத்தான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரு தடவை அதை மெதுவாப் படிச்சுப் பாருங்க. தசமபாகம் அதில் இல்லை. புது வருஷத்துக்குக் கையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டை இல்லை. "இந்த வருஷம் சொந்த வீடு கட்டுவாய்" இல்லை. எந்தச் சாதிப் பெயரும் இல்லை. எந்த ஊழியக்காரர் பெயரும் இல்லை. நாம் இன்றைக்கு எதுக்கெல்லாம் அடிச்சுக்கிறோமோ அதில் பாதி அந்தப் பிரமாணத்தில் கிடையாது. அதில் இருப்பதையோ வாயால் ஒப்பிச்சுட்டு உட்கார்ந்துடுறோம். என் கோபமே இதுதான். சொல்வதை நம்பினால், செய்கிற பல காரியங்களைச் செய்ய முடியாது.

ஒவ்வொன்றா வர்றேன்.

1. படைத்தவர் ஒருவர் இருக்கிறார்

வானத்தையும் பூமியையும் படைத்தவரை நம்புகிறேன். எத்தனை நாளில் படைத்தார், எப்படிப் படைத்தார் என்று பிரமாணம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் நானும் அதுக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-ல் கணக்குப் போட்டுக் காட்டியவரும், எல்லாம் ஒரு ஆதி அணுவிலிருந்து வந்திருக்கலாம் என்று 1931-ல் எழுதியவரும் ஒரே ஆள்: பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர் ஜார்ஜ் லமேத்ர். அங்கி போட்டுக்கொண்டே பெருவெடிப்புக்கு அஸ்திவாரம் போட்டார் மனுஷன். "அறிவியல் படிச்சா விசுவாசம் போயிடும்"னு பிள்ளைகளைப் பயமுறுத்துகிற அண்ணாச்சிகள் அவரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்.

ஆனால் இதில் எனக்கு முக்கியமானது வேறு. ஒவ்வொரு மனுஷனும் தேவ சாயலில் படைக்கப்பட்டவன் என்று வேதாகமத்தின் முதல் அதிகாரமே சொல்லுது. இதை மனசில் வைங்க, ஐந்தாவது பாயிண்டில் தேவைப்படும்.

2. இயேசு கிறிஸ்து: முழுக் கடவுள், முழு மனுஷன்

"நல்ல போதகர், பெரிய மகான்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் பிரச்சனை இல்லை. நான் அதுக்கு மேல் நம்புகிறேன். பிதாவும் குமாரனும் ஒரே தன்மை உடையவர்கள் என்று நிசேயா சொன்னது. அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குருவானவர், குமாரன் உயர்ந்தவர்தான், ஆனாலும் படைக்கப்பட்டவர் என்றார். இல்லை என்று மறுத்த பக்கத்தில் கடைசி வரை நின்றவர் அத்தனாசியுஸ்.

இங்கேதான் நம்ம நண்பர்கள் டான் பிரவுனைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. "நிசேயாவில் ராஜா கான்ஸ்டன்டைன் ஓட்டெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுள் ஆக்கிட்டான், பைபிளில் எந்தப் புத்தகம் இருக்கணும்னு அவன்தான் முடிவு பண்ணினான்" என்று. 2003-ல் வந்த அந்த நாவலைப் படித்துவிட்டு வரலாறு பேசுவது, பொன்னியின் செல்வனை வைத்துச் சோழர் கல்வெட்டைத் திருத்துகிற மாதிரி. நிசேயா சங்கம் போட்ட விதிகள் 20. அதில் ஒன்றில்கூட வேதாகமப் புத்தகப் பட்டியல் கிடையாது. இயேசுவைக் கர்த்தர் என்று கும்பிடும் வழக்கம் பவுலின் கடிதங்களிலேயே இருக்கிறது, அவை நிசேயாவுக்கு ஏறக்குறைய 270 வருஷம் மூத்தவை. கான்ஸ்டன்டைன் சங்கதி அதைவிட வேடிக்கை. சங்கத்தைக் கூட்டிய அதே ராஜா, பத்து வருஷத்தில் அத்தனாசியுஸை நாடு கடத்தினான். சாகும் நேரத்தில் அவன் ஞானஸ்நானம் வாங்கியது ஆரியுஸ் பக்கம் சாய்ந்திருந்த பேராயரிடம். அத்தனாசியுஸ் மொத்தம் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அரசாங்கம் திணித்த கொள்கைக்கு அரசாங்கமே ஏன் இத்தனை தடவை ஆளை விரட்டணும்?

அதே மூச்சில் நம்ம ஆட்களுக்கும் ஒன்று. அந்த நாவல் 2006-ல் படமாக வந்தபோது தமிழ்நாட்டில் அதைத் தடை செய்யச் சொல்லி நின்றோம். அரசும் தடை போட்டது. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. கல்லறையை உடைத்து எழுந்தவர் என்று ஞாயிற்றுக்கிழமை பாடுகிறோம், திங்கட்கிழமை ஒரு ரெண்டரை மணி நேர சினிமா அவரை ஒழிச்சிடும்னு பயப்படுகிறோம். இதுக்குப் பேர் விசுவாசமாய்யா?

கடவுள் மனுஷனானார் என்பது சும்மா தத்துவம் இல்லை. அவர் வந்த இடத்தைப் பாருங்க. பிறந்ததும் கிடத்தினது மாடு தின்கிற முன்னணையில். வளர்ந்தது தச்சன் வீட்டில். சீஷர்களின் காலைக் கழுவினார். இதை நம்புகிறவர்கள், மேடையில் ராஜா நாற்காலி போட்டு, தோரணம் கட்டி, ஐயா வரும் காருக்கு முன்னால் வேட்டு போடுவது எப்படி? தெரியாமத்தான் கேக்குறேன்.

3. பொந்தியு பிலாத்து, சிலுவை, மூன்றாம் நாள்

பிரமாணத்தில் மூன்றே மூன்று மனுஷப் பெயர்கள். இயேசு, மரியாள், அப்புறம் பிலாத்து. ஒரு ரோம அதிகாரிக்கு அங்கே என்ன வேலை? தேதி குறிக்கிற வேலை. "முன்னொரு காலத்திலே ஒரு ஊரிலே" கதை இல்லை இது, இன்ன அதிகாரி ஆட்சியில், இன்ன நாட்டில் நடந்தது என்று முத்திரை குத்துகிற வேலை. கிறிஸ்து பிலாத்துவின் ஆட்சியில் கொல்லப்பட்டார் என்று ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். பிலாத்துவின் பேர் பொறித்த கல் செசரியாவில் 1961-ல் கிடைத்தது.

சரி, செத்தார். எழுந்தாரா? பரிசோதனைக் கூடத்தில் நிரூபிக்கிற சமாச்சாரம் இல்லை இது, நானும் அப்படிக் காட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தை பவுல் எழுதியது கி.பி. 50-களின் நடுவில். சம்பவம் நடந்து இருபது, இருபத்தைந்து வருஷம். கண்டவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதுகிறார், அதாவது போய் விசாரிச்சுக்கோ என்கிற தொனி. நான்கு சுவிசேஷங்களிலும் கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள். பெண் சாட்சிக்குப் பெரிய மதிப்பு கொடுக்காத காலம் அது. கதை கட்டுகிறவன் முதல் சாட்சியாகப் பெண்களையா நிறுத்துவான்? பேதுருவையோ யோவானையோ நிறுத்தியிருக்க மாட்டானா?

பவுல் இன்னொன்றும் சொல்கிறார். கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண், எல்லா மனுஷரிலும் நாங்கள்தான் பரிதாபமானவர்கள் என்கிற பொருளில். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். எழவில்லை என்றால் நான் இந்தப் பதிவை அழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நல்லாத் தூங்கலாம். எழுந்தார் என்றால் மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். நான் எழுந்தார் என்கிறேன்.

4. பாவமன்னிப்பு, அதுவும் இலவசமாக

கிருபை. நாம் சம்பாதிக்க முடியாதது, வாங்க முடியாதது, திருப்பிக் கட்ட முடியாதது. மன்னிப்புக்குச் சீட்டுப் போட்டு வித்தாங்கன்னுதான் 1517-ல் மார்ட்டின் லூத்தர் 95 வாதங்களை எழுதினார். அதை நாம் ஞாயிறு பள்ளியில் பெருமையாகப் படிக்கிறோம். படித்துவிட்டு டிவியைப் போட்டால் ஒருத்தர் கணக்கு நம்பரை ஓடவிட்டு "விதை விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்" என்கிறார். சீட்டு போய் ஆன்லைன் டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊழியத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கிராமத்து உபதேசியார் சம்பளம் நம்ம காணிக்கையில்தான் வருது. நன்றியோடு கொடுப்பது வேறு, கடவுளிடம் வட்டிக்கு விடுவது வேறு.

காசு போனால் போகட்டும். உயிர் போகுதே! எங்க சித்திக்குப் பத்து வருஷத்துக்கு மேல் சர்க்கரை. ஒரு கன்வென்ஷனில் வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் தலையில் கை வைத்து, "சுகமாயிட்டது, இனி ஊசி போட்டா அது அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டார். சித்தி இன்சுலினை நிறுத்திட்டாங்க. மூணாவது வாரம் ஐ.சி.யூ. பிழைச்சுட்டாங்க, கால் விரல் ரெண்டை எடுத்துட்டாங்க. அந்த ஊழியக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டபோது வந்த பதில்: "சகோதரிக்கு விசுவாசம் குறைவுபட்டது." ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சித்தியும் அதையே நம்பி அழுதாங்க. விரல் போனதைவிட எனக்கு அதுதான் தாங்கலை.

ஐயா, நீங்க கையில் தூக்கிப் பிடிக்கிற அதே வேதாகமத்தில் பவுல் தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். தனக்கே இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை ஜெபித்தும் அது போகவில்லை. இவங்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவா?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்குப் போன யாத்ரீகர்களைக் கடல் கொண்டுபோனது. அது தேவ தண்டனை என்று ஒருவர் பிரசங்கித்ததை இந்தக் காதால் கேட்டேன். லூக்கா 13-ல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தி வருது. செத்தவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்கிறார் இயேசு. பிறவிக் குருடனைக் காட்டி "இவன் பாவமா, பெத்தவங்க பாவமா" என்று கேட்டபோதும் ரெண்டும் இல்லை என்றார். கஷ்டப்படுகிறவனின் கணக்கைத் தோண்டுகிற வேலையை இயேசுவே செய்யவில்லை. நமக்கு யார் கொடுத்தது அந்த வேலை?

5. சபை பொதுவானது

இந்தப் பிரமாணத்தில் தமிழனுக்குச் சுரீர் என்று குத்த வேண்டிய வார்த்தை "பொது". பரிசுத்த சபை பொதுவானது என்று சொல்கிறோம். பொதுக் கிணறு, பொதுப் பாதை, பொதுச் சுடுகாடு... இந்த மண்ணில் அந்த வார்த்தைக்காக எத்தனை பேர் அடி வாங்கியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நாம் அதை வாராவாரம் சர்வசாதாரணமாகச் சொல்லிட்டு உட்கார்ந்துடுறோம்.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைத் தனியாகப் பிரித்த சுவர் ஊரறிந்த கதை. 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதைச் சுற்றிக் கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் செத்தார்கள். ரெண்டு பக்கமும் ஞானஸ்நானம் வாங்கினவர்கள். "அது ஆர்.சி.க்காரங்க கதை"ன்னு எங்க ஆட்கள் நழுவ வேண்டாம். சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கண்டிப்பாகச் சொன்னபோது, தஞ்சாவூர்ச் சபையிலிருந்து பலர் வெளியேறினார்கள். கிறிஸ்துவை விட்டாலும் விடுவோம், பந்தியை விட மாட்டோம் என்கிற கணக்கு.

ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆச்சு. இப்பவும் கல்யாண விளம்பரத்தைப் பாருங்க: "மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற மணமகள் தேவை", அடுத்த வரியில் சாதிப் பேர், உட்பிரிவு சகிதம். மறுபடி பிறந்தும் கரெக்டா அதே சாதியிலேயே எப்படிய்யா பிறந்தீங்க?

இதில் இன்னொரு கொடுமை. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவனுக்குக் கிடையாது, கிறிஸ்தவத்தில் சாதி இல்லையாம். அரசாங்கத்துக்கு அவன் தலித் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் அவன் தலித். அந்தச் சலுகையைக் கேட்டு நாம் ஊர்வலம் போவது நியாயம்தான். ஊர்வலம் முடிந்து திரும்பும்போது அவன் வீட்டில் சம்பந்தம் பேசவும் போகணும்.

அப்புறம் நம்ம திருமண்டலத் தேர்தல். அணி, போஸ்டர், ராத்திரியோடு ராத்திரியாகக் கவர், ஓட்டுக் கணக்கில் சாதி, கடைசியில் கோர்ட்டு. சட்டமன்றத் தேர்தலே தேவலை, அங்கே தேர்தல் கமிஷனாவது இருக்கு.

யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன், ஆண், பெண் என்ற பிரிவெல்லாம் கிறிஸ்துவுக்குள் செல்லாது என்பதைக் கலாத்தியருக்கு எழுதின பவுல் அதை ஒரு உபதேசமாக எழுதவில்லை, நடந்து முடிந்த காரியமாக எழுதினார். நம்பினால் சுவரை இடிக்கணும். இடிக்க மனசில்லை என்றால் "பொது" வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்வது உத்தமம்.

6. நியாயத்தீர்ப்பு, சரீர உயிர்த்தெழுதல்

"அப்ப நாங்க எல்லாம் நரகமா?" இது இந்து நண்பர்கள் கேட்பது. சுத்தி வளைக்காமல் சொல்றேன். மீட்பு கிறிஸ்து வழியாகத்தான் என்று நம்புகிறேன். அதை மழுப்பி உங்களிடம் நல்ல பேர் வாங்க விருப்பமில்லை. ஆனால் நியாயம் தீர்க்க வருகிறவர் அவர் என்றுதான் பிரமாணம் சொல்லுது, அந்த நாற்காலியில் நான் உட்கார முடியாது. மத்தேயு 25-ல் அவர் தீர்ப்பு சொல்கிற காட்சியைப் படித்தால் வயிற்றைக் கலக்குவது உங்களுக்கு இல்லை, எங்களுக்குத்தான். பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, ஜெயிலில் கிடந்தவனைப் பார்த்தாயா என்றுதான் அங்கே கேள்வி. "கர்த்தாவே, கர்த்தாவே" என்று கூப்பிடுகிறவன் எல்லாம் உள்ளே வர முடியாது என்று அதே புத்தகத்தில் முன்னாடியே எழுதியிருக்கு.

சரீர உயிர்த்தெழுதல் என்பதையும் தவற விடாதீர்கள். ஆத்துமா மட்டும் பறந்து போவதில்லை, இந்த உடம்புக்கும் எதிர்காலம் உண்டு என்று நம்புகிறோம். அதனால்தான் பசியும் நோயும் எங்களுக்கு ஆன்மிக விஷயம். சித்தியின் ரெண்டு விரலும் அவருடைய கணக்கில் இருக்கு.

"காசுக்கு மதம் மாறின கூட்டம்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் கொள்ளுத்தாத்தா எதுக்காக வந்தார் என்று எனக்குத் தெரியாது. பஞ்சத்துக்கு வந்திருக்கலாம், பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கலாம், தெருவில் செருப்புப் போட்டு நடக்க வந்திருக்கலாம். அதில் எதுவும் எனக்கு வெட்கம் இல்லை. பசித்தவனிடம் வந்த கடவுளை அவர் பசியோடு ஏற்றுக்கொண்டதில் என்ன தப்பு? நான் இருப்பது எதுக்காக என்று மேலே எழுதியாச்சு.

சபை அன்பர்களுக்கு: நான் ஊழியக்காரர்களைத் திட்டுவது விசுவாசம் இல்லாமல் இல்லை. விசுவாசப் பிரமாணத்தை அப்படியே நம்புவதால் திட்டுகிறேன். நம்பாதவனாக இருந்திருந்தால் கண்டுக்காமல் போயிருப்பேனே. உங்க ஐயரிடம் அடுத்த வாரம் ஒன்றே ஒன்று கேளுங்க: நம்ம ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் யாரை எங்கே புதைக்கிறோம்? அவர் சொல்கிற பதிலை இங்கே வந்து எழுதுங்க.

பி.கு: பகுத்தறிவு நண்பர்கள் மூன்றாவது பாயிண்டில் தாராளமாகச் சண்டைக்கு வரலாம், ஆவலோடு காத்திருக்கேன். "ஆமென்", "அல்லேலூயா" என்று மட்டும் போட்டுவிட்டு நழுவுகிற பின்னூட்டங்களுக்குப் பதில் கிடையாது. திருமண்டலத் தேர்தலில் நிற்கிற அண்ணாச்சிகள் அணி பேரைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் அழித்துவிடுவேன். :-)